கொல்லைக் கோழியும் தேரையும்: யாருக்கு யார் ஆபத்து?

ஐப்பசி மழை விடிய விடியக் கொட்டித் தீர்த்த மறுநாள் காலை. கொல்லைப்புறத்தில் கூண்டைத் திறந்து கோழிகளை விட்டாயிற்று. ஐந்தே நிமிடத்தில் ஒரே களேபரம்! ஒரு பெட்டைக்கோழி வாயில் எதையோ கவ்விக்கொண்டு தலைதெறிக்க ஓடுகிறது. மற்ற நான்கும் அதைத் துரத்துகின்றன. என்னடா என்று எட்டிப் பார்த்தால்... ஒரு குட்டித் தவளை.

திண்ணையில் இருந்து பாட்டியின் குரல்: "அட விடுடா. கோழின்னா நாலையும்தான் கொத்தும். எங்க காலத்துல எந்தக் கோழி தவளையத் தின்னு செத்துச்சு?"

விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரிப் பேரன் விடுவதாக இல்லை: "ஐயோ அப்பாயி, அது விஷம்! இனிமே அது போடற முட்டையக் கூடச் சாப்பிட முடியாது!"

மழைக்காலம் வந்தால் கோழி வளர்க்கும் வீடுகளில் இந்தப் பட்டிமன்றம் நடக்காமல் இருக்காது. தீர்ப்பு என்ன? பாட்டி சொல்வது பாதி சரி. பேரன் சொல்வதும் பாதி சரி. ஆனால் இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியமான கேள்வி. அதற்குக் கடைசியில் வருவோம்.

விளையாட்டுக் கேள்வி இல்லை

"ஒரு கோழி செத்தால் என்ன பெரிய நஷ்டம்?" என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை போட்டாலே பெரிய விஷயம். அதில் கொஞ்சம் அடைக்கு வைத்து, கொஞ்சம் விற்று, வளர்ந்த சேவலைப் பண்டிகைக்கு விற்றுச் சேர்க்கும் காசுதான் பல வீடுகளில் பெண்களின் சிறுவாடு. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், திடீர் காய்ச்சலுக்கு ஊசி, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மொய் எல்லாம் அதிலிருந்துதான். பத்துக் கோழியில் மூன்று செத்தால் அந்த வீட்டுக் கணக்கில் அது பெரிய ஓட்டை. ஆகவே கோழி எதைத் தின்கிறது என்று கவலைப்படுவதில் தப்பே இல்லை.

தவளை வேறு, தேரை வேறு

முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தவளைக்குத் தோல் ஈரமாக, வழவழப்பாக இருக்கும். பின்னங்கால் நீளம். ஒரே தாவலில் வெகு தூரம் போய்விடும். தேரைக்குத் தோல் உலர்ந்து, சொரசொரப்பாக, கொப்புளம் கொப்புளமாக இருக்கும். கால் குட்டை. தத்தித் தத்தித்தான் போகும். தேரையின் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அவரைக்கொட்டை மாதிரி இரண்டு புடைப்புகள் தெரியும். விஷயமே அந்தப் புடைப்பில்தான் இருக்கிறது. அவை சுரப்பிகள். தேரையைக் கடித்தாலோ அழுத்தினாலோ அவற்றிலிருந்து பால் போன்ற ஒரு திரவம் கசியும்.

அந்தப் பாலில் இருக்கும் நஞ்சு இதயத்தைத் தாக்கும் வகை. நம் உடலின் செல்கள் ஒவ்வொன்றிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. தேரையின் நஞ்சு போய் உட்கார்ந்து நிறுத்துவது அந்தப் பம்பைத்தான். அரளிச் செடியின் நஞ்சு வேலை செய்வதும் இதே இடத்தில்தான். செடி வேறு, பிராணி வேறு. ஆனால் இரண்டும் பிடித்த ஆயுதம் ஏறக்குறைய ஒன்று! தேரையின் முட்டையிலும் தலைப்பிரட்டையிலும் கூட இந்த வகை நஞ்சு உண்டு.

ஆனால் தேரை பாம்பு மாதிரி கடித்து விஷம் ஏற்றாது. துப்பாது. தூக்கினால் அது விடும் சிறுநீர் பெரும்பாலும் தண்ணீர்தான். தேரையைத் தொட்டால் மரு வரும் என்பதும் கதை. மரு வருவது வைரஸால். தேரை வைத்திருப்பது தற்காப்பு. வாயில் போட்டவனுக்குத்தான் அது விஷம். "தவளையும் தன் வாயால் கெடும்" என்பார்கள். இங்கே கோழிதான் தன் வாயால் கெடுகிறது.

சரி, கோழிக்கு என்ன ஆகும்?

சாதாரண வயல் தவளைக் குஞ்சு ஒன்றைக் கோழி தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இந்த இடத்தில் பாட்டிக்கு ஒரு மதிப்பெண். கோழி சைவப் பிராணி அல்ல. அதன் மூதாதையான காட்டுக்கோழி இன்றும் விதையோடு பூச்சி, புழு, சின்னப் பல்லி எல்லாம் தின்றுதான் வாழ்கிறது. அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் ஊர் ஊராக மந்தையை ஓட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாத்துகள் சிந்திய நெல்லோடு நத்தை, சின்னத் தவளை எல்லாவற்றையும் வழித்துத் தின்கின்றன. கொக்கு, நாரை, செம்போத்து ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தவளை பறவைகளுக்குப் பழைய உணவுதான்.

இதில் சிக்கல் ஒன்று அளவில் வரும். கோழிக்குப் பல் இல்லை. கொத்திக் கிழிக்கும், இல்லையென்றால் முழுசாக விழுங்கும். மற்ற கோழிகள் துரத்தும் அவசரத்தில் தொண்டைக்குப் பெரியதை விழுங்கினால் மூச்சுத் திணறலாம். கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் அடைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலையிலும் தீனிப்பை கல் மாதிரி உப்பியே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேரையில்தான் பேரனுக்கு மதிப்பெண். பெரும்பாலும் வளர்ந்த கோழி தேரையை ஒரு கொத்து கொத்திப் பார்க்கும். வாயில் கசப்பும் எரிச்சலும் தெரிந்ததும் உதறிவிட்டு, அலகைத் தரையில் தேய்த்துக்கொண்டு போய்விடும். ஆனால் பசியோடு இருக்கும் கோழியும், எதையும் கொத்திப் பழகும் இளங்கோழியும் அவ்வளவு யோசிப்பதில்லை. உடம்பு சின்னதாக இருந்தால் கொஞ்சம் நஞ்சும் அதிகம்தான்.

"பறவைக்குத் தேரை ஒன்றும் செய்யாது" என்று அடித்துச் சொல்பவர்கள் ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுவார்கள். அந்த உதாரணத்தை முழுதாகப் பார்க்க வேண்டும். கரும்பைத் தின்ற வண்டுகளை ஒழிக்க 1935-இல் குயின்ஸ்லாந்தில் தென்னமெரிக்கத் தேரையைக் கொண்டுவந்து விட்டார்கள். வண்டு ஒழியவில்லை, தேரை பெருகியது. அதைத் தின்ற உடும்புகளும், குவால் என்ற சின்ன ஊன்தின்னிப் பிராணிகளும் பல இடங்களில் கொத்துக் கொத்தாக அழிந்தன. பறவைகளுக்கு அந்த அளவு அடி விழவில்லை என்பது உண்மைதான். ஆனால் அங்கே காகமும் பருந்தும் என்ன செய்கின்றன தெரியுமா? தேரையை மல்லாக்கத் திருப்பிப் போட்டு, சுரப்பி இருக்கும் முதுகுப் பக்கத்தை விட்டுவிட்டு, வயிற்றுப் பக்கமாகக் கிழித்துத் தின்கின்றன. நம் வீட்டுப் பெட்டைக்கோழிக்கு இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லையே!

இன்னொரு உதாரணம் நம் கொல்லைத் தேரையே. தென்னாசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் சர்வசாதாரணமாகக் கிடக்கும் இதே இனம் 2014-இல் மடகாஸ்கரின் தோமாசினா துறைமுகப் பகுதியில் பரவியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்தத் தீவின் பாம்பு, பல்லி, பாலூட்டி, பறவைகளின் மரபணுக்களைப் பார்த்தது. தேரை நஞ்சைத் தாங்கும் மாற்றம் அநேகமாக எதற்குமே இல்லை என்றது. நம் ஊர்ச் சாரைப்பாம்பு அசால்ட்டாக விழுங்கும் ஒன்று, தேரையே பார்த்திராத ஊரில் எமன். ஆக, "யாரோ தின்கிறார்கள், அதனால் எல்லோரும் தின்னலாம்" என்ற வாதம் இங்கே எடுபடாது.

விஷத்தை விடப் பெரிய மூன்று ஆபத்துகள்

எல்லோரும் விஷம் விஷம் என்று பேசுகிறார்கள். யாரும் பேசாத மூன்று இருக்கின்றன.

ஒன்று, பூச்சிமருந்து. தவளையின் தோல் மெல்லியது. தண்ணீரையே தோல் வழியாகத்தான் உறிஞ்சும். மருந்து அடித்த வயலில் அது மருந்தையும் சேர்த்தே உறிஞ்சும். மருந்து அடித்த மறுநாள் வரப்போரம் தள்ளாடிக் கிடக்கும் தவளை கோழிக்கு ரொம்பச் சுலபமான இரை. ஆரோக்கியமான தவளை கோழியிடம் அவ்வளவு எளிதில் மாட்டாது. மாட்டுகிறது என்றாலே ஏன் மாட்டியது என்று கேட்க வேண்டும். கார்போஃபியூரான் போன்ற குருணை மருந்தைத் தானியம் என்று பறவைகள் கொத்திச் செத்ததால்தான், 1990-களில் அமெரிக்காவில் அந்தக் குருணையின் பெரும்பாலான பயன்பாடுகள் நிறுத்தப்பட்டன. அதே குருணை விழுந்த வயலில்தான் நம் தவளையும் இருக்கிறது, நம் கோழியும் மேய்கிறது.

இரண்டு, புழு. சில வகைத் தட்டைப்புழுக்களின் இளம் பருவம் நத்தையிலும் தலைப்பிரட்டையிலும் தங்கி, அவற்றைத் தின்னும் பறவையின் குடலில் போய் வளர்கிறது. ஒன்றிரண்டு புழு கோழியை ஒன்றும் செய்யாது. தினமும் ஏறினால் கோழி இளைக்கும், முட்டை குறையும்.

மூன்று, செத்த தவளை. ரோட்டில் வண்டி ஏறி நசுங்கியது, கிணற்றில் ஊறி அழுகியது, புழு வைத்தது. இதுதான் மூன்றிலும் மோசம். அழுகும் உடலில் ஒரு வகைக் கிருமி போட்டுலினம் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அந்தச் சடலத்தில் நெளியும் புழுக்களிலும் அது சேர்கிறது. அதைத் தின்ற கோழிக்கு முதலில் கால் தளரும், பிறகு இறக்கை, கடைசியில் கழுத்து துவண்டு தலை தரையில் சாய்ந்துவிடும். உயிருள்ள தவளையைத் தின்னும் கோழியைப் பார்த்துப் பதறுகிறவர்கள், செத்த தவளையைக் கொத்தும் கோழியைப் பார்த்துச் சும்மா இருப்பதுதான் வேடிக்கை.

பழி மட்டும் தேரைக்கு

நம்மூரில் தேரை ஏற்கெனவே எத்தனையோ பழி சுமக்கிறது. தேங்காயில் பருப்பு இல்லையா? தேரை மோந்துவிட்டது. குழந்தை இளைக்கிறதா? தேரை விழுந்துவிட்டது. உண்மையில் தேங்காய்க்குக் காரணம் மரத்தின் சத்துக் குறைவும் மகரந்தச் சேர்க்கைக் குறைவும். குழந்தைக்குக் காரணம் சோறு போதாமை. இந்தப் பட்டியலில் இப்போது கோழியும் சேர்ந்துகொண்டது.

ஒரே வாரத்தில் நாலு கோழி வெள்ளையாகவும் பச்சையாகவும் கழிந்து, கழுத்து திருகிச் செத்தால் அது தேரையின் வேலை இல்லை. பெரும்பாலும் அது ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சல். 1920-களில் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர். உலகம் அதை நியூகாசில் நோய் என்கிறது. வந்துவிட்டால் மருந்து இல்லை, வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. கால்நடை மருந்தகத்தில் கேட்டால் எப்போது போடுவார்கள் என்று சொல்வார்கள். கொல்லையில் இருக்கும் தேரையை எல்லாம் அடித்துக் கொன்றுவிட்டுத் தடுப்பூசி போடாமல் விடுவது, திருடனை விட்டுவிட்டுத் தெருவில் போகிறவனைப் பிடிப்பது போல. கோழியும் போகும், தேரையும் போகும்.

இருவரும் கேட்க மறந்த கேள்வி

இப்போது அந்த முக்கியமான கேள்வி. கோழி தானாக ஒரு தவளையைப் பிடிப்பது ஒரு விஷயம். நாம் பிடித்துக் கோழிக்குப் போடுவது முற்றிலும் வேறு விஷயம்.

தீவனம் விற்கும் விலையில், "மழைக்குத் தவளை எக்கச்சக்கமா கிடக்கு, பிடிச்சுப் போட்டா இலவசப் புரதம்தானே!" என்று நினைப்பவர்கள் உண்டு. பையன்களிடம் டார்ச்சையும் சாக்கையும் கொடுத்தால் ஒரு ராத்திரியில் சாக்கு நிரம்பிவிடும். கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் இருக்கிறது.

இதே கணக்கை இந்தியா ஒரு முறை பெரிய அளவில் போட்டுப் பார்த்தாயிற்று. வெளிநாட்டு உணவகங்களுக்காகத் தவளைக்காலை ஏற்றுமதி செய்த நாடுகளில் நாம் முன்வரிசையில் இருந்தோம். 1980-களின் தொடக்கத்தில் ஓர் ஆண்டில் 4,000 டன்னுக்கும் மேல் தவளைக்கால் கப்பல் ஏறியது. ஒரு தவளைக்கு ஒரு ஜோடிக் கால்தான். அப்படியென்றால் எத்தனை கோடித் தவளை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ராத்திரி வயலில் விளக்கோடு இறங்கிப் பிடித்தவை அவை. வயலில் பூச்சியைத் தின்ன ஆள் இல்லாமல் போனால் அந்த வேலைக்கு மருந்து வாங்க வேண்டும், தவளையால் வரும் டாலர் மருந்துக்கே போய்விடும் என்று இயற்கை ஆர்வலர்கள் கத்தினார்கள். 1985-இல் இரண்டு இந்தியத் தவளை இனங்கள் சைட்டீஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் பட்டியலில் ஏறின. 1987-இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியையே தடை செய்தது.

கப்பலுக்குப் போனால் தப்பு, கோழிக்கூண்டுக்குப் போனால் சரியா? யாருக்கும் சொந்தமில்லாதது எல்லாம் இலவசம் ஆகிவிடாது. தவளை ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சம்பளம் கேட்காமல் வயலிலும் கொல்லையிலும் கொசுவையும் வண்டையும் புழுவையும் தின்றுகொண்டிருக்கிறது. அதைப் பிடித்துக் கோழிக்குப் போடுவது, வேலைக்காரனைக் கொன்று விருந்து வைப்பது மாதிரி.

இதில் கோழிக்கும் நன்மை இல்லை. கோழி தானாகப் பிடித்தால் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ. சாக்கில் கொண்டுவந்து கொட்டினால் தவளையோடு தேரையும் வரும், மருந்து குடித்த தவளையும் வரும், புழுவும் மொத்தமாக வரும். மேலே சொன்ன எல்லா ஆபத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுவதுதான் அது. கோழிக்கும் கேடு, தவளைக்கும் கேடு, வயலுக்கும் கேடு.

புரதம்தான் வேண்டும் என்றால் நம்மூர்க்காரர்கள் கண்டுபிடித்த அருமையான வழி இருக்கிறது. ஒரு பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு ஆகியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டம் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானை நிறையக் கரையான். கோழிக்குஞ்சுகளுக்கு அதுதான் பிரியாணி! தொட்டியில் அசோலா வளர்த்தும் போடலாம். இரண்டுக்கும் செலவு அநேகமாகப் பூஜ்யம்.

ஷிப்ட் முறை

இன்னொரு கூட்டம் உண்டு. பயந்து போய்க் கோழியை நாள் முழுதும் அடைத்து வைப்பவர்கள், இல்லையென்றால் தேரையைக் கண்ட இடத்தில் கல்லால் அடிப்பவர்கள். இரண்டுமே தேவையில்லை. ஏனென்றால் கோழியும் தேரையும் ஏற்கெனவே ஷிப்ட் போட்டுத்தான் கொல்லையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கோழி பகல் ஷிப்ட். தேரை ராத்திரி ஷிப்ட். பொழுது சாய்ந்து கோழி அடையும்போதுதான் தேரை வேலைக்குக் கிளம்புகிறது. இந்த ஏற்பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் மனிதர்கள்தான்.

ஆகவே, செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்:

கோழிகளை நன்றாக விடிந்த பிறகே திறந்து விடுங்கள். முந்தைய நாள் தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் வையுங்கள், ராத்திரி அதில் தேரை உட்கார்ந்திருக்கலாம். கூண்டுக்கு மேல் ராத்திரி முழுதும் விளக்கு எரிய வேண்டாம். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும். செங்கல் அடுக்கு, விறகு, பூந்தொட்டி ஆகியவற்றைப் பகலில் நகர்த்தும்போது அடியில் தேரை இருந்தால் ஒரு முறத்தால் தள்ளி வேலிக்கு அப்பால் விட்டுவிடுங்கள். பக்கத்து வயலில் மருந்து அடித்தால் சில நாட்களுக்குக் கோழியை அந்தப் பக்கம் விடாதீர்கள். செத்த தவளை, எலி எது கிடந்தாலும் உடனே புதைத்துவிடுங்கள்.

கோழி தேரையைக் கவ்விவிட்டதா? வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஈரத்துணியால் அலகையும் வாயின் உட்புறத்தையும் துடைத்துவிடுங்கள். தண்ணீரைத் தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். எண்ணெய், புளிக்கரைசல் என்று கைவைத்தியமும் வேண்டாம். தள்ளாட்டமோ நடுக்கமோ தெரிந்தால் கால்நடை மருத்துவர்தான். அப்படி நோய்ப்பட்டுச் செத்த கோழியை "வீணாக்க வேண்டாமே" என்று குழம்பு வைக்காதீர்கள். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

தீர்ப்பு

அந்தக் கொல்லைக்குத் திரும்புவோம். துரத்தல் முடிந்துவிட்டது. தவளை யார் வயிற்றுக்குள் போனது என்று தெரியவில்லை. ஐந்து கோழியும் ஒன்றுமே நடக்காதது போலக் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கின்றன. நாளைக்கு அந்தப் பெட்டைக்கோழி போடும் முட்டையைப் பேரன் தாராளமாகச் சாப்பிடலாம். எந்த முட்டையையும் போல நன்றாக வேக வைத்துத்தான்.

பாட்டியின் காலத்தில் கோழி தவளையைத் தின்று சாகவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தக் காலத்து வயலில் இத்தனை மருந்து இல்லை என்பதும், மழை பெய்தால் காது அடைக்கும் அளவுக்குத் தவளைச் சத்தம் இருந்தது என்பதும் கூட உண்மைதான். கோழி தானாக ஒரு தவளையைப் பிடித்தால் விட்டுவிடலாம். அதற்காக நாம் சாக்கைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கத் தேவையில்லை. ராத்திரி ஷிப்ட்காரனை அவன் வேலையைப் பார்க்க விடுவோம். காலையில் கோழி தன் வேலையைப் பார்க்கும்.